ஃபியூக் செய்த குற்றம் என்ன?

மக்களுக்கு விளங்காத கலை மக்களுக்குப் பகையான கலை என்று முழங்குவோர் எந்நாட்டிலும் உளர். அம்முழக்கத்துக்கு ஆட்சியின் வலிமையும் துணைசேர்ந்தால் என்ன நேரும் என்பதற்குச் சோவியத்து இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் வாழ்வு சான்று பகரும்.

1948 பிப்ரவரியில் பொதுவுடைமைக் கட்சியின் மத்தியக் குழு வெளியிட்ட தீர்மானம், அவரையும் புரோகோஃபியெவ் முதலானோரையும் ‘வடிவவாதிகள்’ எனப் பழித்தது. மாஸ்கோ, லெனின்கிராட் இசைக் கல்லூரிகளில் அவர் வகித்த ஆசிரியப் பணிகள் பறிபோயின. அவ்வடு ஆறுமுன்னரே, 1950இல், பாஹ் மறைந்த இருநூறாம் ஆண்டு விழாவுக்காக அவர் லைப்சிக் நகர் சென்றார். திரும்பியதும் அக்டோபரில் தொடங்கி, 1951 பிப்ரவரிக்குள் தனிப் பியானோவுக்கென 24 முன்னிசைகளையும் 24 ஃபியூக்குகளையும் இயற்றி முடித்தார். ஒரு குரல் தொடங்கிய பண்ணை மற்றொரு குரல் ஏற்க, அதனைப் பிறிதொரு குரல் தொடர, யாவும் தம்முள் பின்னிச் செல்லும் கட்டுக்கோப்பே ஃபியூக் ஆகும்.

1951இல் இசையமைப்பாளர் சங்கத்தில் அவரே அவற்றை வாசித்துக் காட்டினார். கிடைத்த பரிசு கண்டனமே! பழைய வடிவத்துள் புகுந்து ஒளிந்தார் என்னும் குறையே மீண்டும் எழுந்தது.

இக்கூற்று பொருந்துமா? முதல் ஃபியூக்கை நோக்குக. அதில் கறுப்புக் கட்டை ஒன்றேனும் தீண்டப்படவில்லை. பியானோ பயிலும் சிறுவன் முதலில் விரல் வைக்கும் வெள்ளைக் கட்டைகளே அதற்குப் போதுமாயின. இதனினும் எளிமை யாது? இனி இருபத்துநான்காவதை நோக்குக. முன்னிசையில் தோன்றும் பண்ணே ஃபியூக்கின் கருவாகிறது. பின்னர் இரண்டாம் கரு ஒன்று பிறக்கிறது. முடிவில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாய் எழுந்து பேரொலியாய் நிறைகின்றன. இதை உயிரற்ற வித்தை என்பார் செவியைக் கொண்டு கேட்டவர் அல்லர். தீர்மானத்தைக் கொண்டு கேட்டவரே ஆவர்.

மேலும் ஒரு முரண் காண்க. 1949இல் அவர் இயற்றிய ‘காடுகளின் பாடல்’ ஸ்டாலின் பரிசு பெற்றது. அதன் இறுதிப் பகுதியிலும் ஃபியூக் உண்டு! புகழ்ப்பாட்டில் அமைந்தால் சிறப்பு, சொல்லின்றித் தனித்து ஒலித்தால் குற்றமா? ஆகவே, வெறுக்கப்பட்டது வடிவம் அன்று. ஆணைக்கு அடங்காத உள்ளமே.

உயிரற்ற பயிற்சிகளாய் முடிந்த ஃபியூக்குகள் உலகில் பல உள என்பது மெய்யே. எனினும் அது செய்தவனின் குறை, வடிவத்தின் குறையாகாது. மண்குடம் ஒழுகினால் மண்ணை யார் பழிப்பார்?

அன்று மரியா யூதினாவும் தத்தியானா நிக்கோலாயெவாவும் அத்தொகுதிக்காகப் பரிந்து பேசினர். 1952 டிசம்பரில் நிக்கோலாயெவா அதனை லெனின்கிராட்டில் முழுமையாக வாசித்தார். 1948ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் மதிப்பீடுகள் பிழையென 1958இல் கட்சியே திருத்தம் செய்தது. 24 ஃபியூக்குகளிலோ திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு படைப்பைத் தீர்ப்பிடும் முன் அதனை முழுதும் கேட்பதே முறை. மாணாக்கர்க்கு ஆசிரியர் முதற்கண் புகட்ட வேண்டிய திறனாய்வு நெறியும் இதுவே.