இலவச ஐபாட் வரிசை

2002-ஆம் ஆண்டுவாக்கில் 'மேட்ரிக்ஸ்' என்ற பெயரில் சில வெப் தளங்கள் கிளம்பின. பணம் கட்டி ஒரு இ-புக் வாங்கினால் உங்கள் பெயர் வரிசையில் ஏறும். புதிதாகப் பத்துப் பேர் வாங்கும் போதெல்லாம் வரிசையில் முதலில் நிற்பவருக்கு ஐபாடோ செல்போனோ 'இலவசம்'!

"நடத்துபவர் ஓடிவிட்டால்தானே ஆபத்து?" என்று நீங்கள் கேட்கலாம். என்னைக் கேட்டால், அவர் நாணயமாக நடத்தினாலும் இது கவிழும். ஆயிரமாவது ஆளுக்குப் பொருள் வர மொத்தம் பத்தாயிரம் பேர் சேர வேண்டும். அந்தப் பத்தாயிரமாவது ஆளுக்கு? ஒரு லட்சம் பேர்! எந்த நாளில் கணக்குப் பார்த்தாலும் பத்தில் ஒன்பது பேர் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள்தான். புதியவர்கள் வருவது குறைந்தால் வரிசை அப்படியே நின்றுவிடும்.

முதலில் சேர்ந்த சிலருக்கு ஐபாட் நிஜமாகவே வரும். அதுதான் விளம்பரம். பிரிட்டனில் இப்படிப்பட்ட இரண்டு தளங்கள் சட்டவிரோத லாட்டரி என்று 2005-ல் முடிவானது.