ஜோடிப் பறவையும் சோதனைச் சான்றிதழும்

தறிக்கு நூல் கிடையாத நாட்களிலும், வயலில் வேலை ஒழிந்த கோடையிலும், கூண்டுப் பறவை வளர்ப்பை உபதொழிலாகக் கொள்ள அங்கத்தினர் சிலர் முற்படுகின்றனர். முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆனால், அதற்கெனக் கடன் கோரும் மனுவில் 'ஜோடி' என்று எழுதியிருப்பதை நிர்வாகக் குழுவினர் அப்படியே ஏற்பது தகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கோழியினத்தில் சேவலைக் கொண்டையும் வாலும் காட்டிக் கொடுத்துவிடும். புறாவிலும், ரோஜா முக லவ் பேர்ட்ஸ் கிளியிலும் அத்தகைய அடையாளம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பறவைகளை எடுத்தால் அவை ஜோடியாக அமையவும் அமையாதிருக்கவும் சம வாய்ப்பே உண்டு. இரண்டும் பெட்டையாயின் ஏமாற்றம் உடனே வெளிப்படாது. ஒன்றையொன்று கோதும், கூடு கட்டும், முட்டையும் இடும். புறா ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டையே இடுவது. கூட்டில் நான்கைக் கண்டு வீட்டார் மகிழ்வர். அத்தனையும் கூமுட்டையாய்ப் போகும். அதற்குள் கடனின் முதல் தவணை வந்து நிற்கும்!

இடுப்பெலும்பைத் தடவிப் பார்த்துச் சொல்வோர் உளர்; கை பழகியவர்க்கு அது ஓரளவு பலிக்கும். நூலில் ஊசியைக் கட்டி, அது ஆடும் திசையைக் கொண்டு ஆண், பெண் சொல்வது வெறும் பொழுதுபோக்கு.

இன்று ஐயமறத் தெரிந்துகொள்ள வழி உண்டு. மனிதரில் ஆணுக்கு இரு வேறு பால் குரோமோசோம்கள். பறவைகளில் அவ்வாறு அமைவது பெண்ணுக்கே. ஆணுக்கு இரண்டும் இஸட். பெண்ணுக்கு ஒன்று இஸட், மற்றொன்று டபிள்யூ. இரண்டிலும் உள்ள சி.எச்.டி. என்னும் மரபணுவின் ஒரு துண்டு நீளத்தில் வேறுபடுகிறது. பிடுங்கிய இறகின் அடியிலிருந்தோ ஒரு துளி இரத்தத்திலிருந்தோ டி.என்.ஏ.வைப் பிரித்து, அத்துண்டைப் பன்மடங்காகப் பெருக்கிப் பார்த்தால், பெண்ணுக்கு இரண்டு கோடுகளும் ஆணுக்கு ஒரே கோடும் தோன்றும். கிரிஃபித்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 1998-இல் வெளியிட்ட முறை இது.

தீக்கோழி, ஈமு முதலிய பறக்கா இனங்களுக்கு மட்டும் இம்முறை உதவாது. அவற்றில் இஸட்டும் டபிள்யூவும் பெரிதும் ஒத்திருப்பதால் வேறு குறிகளை நாட வேண்டும். ஈமு என்றதும் 2012-இல் பெருந்துறை வட்டாரத்தில் நேர்ந்தது பலருக்கு நினைவு வரும். அங்கே பணம் முடங்கியது ஆண் பெண் குழப்பத்தாலன்று. வாங்குவோர் இல்லாத பறவைக்கு வாக்களித்த வருமானத்தால். சந்தை உண்டா என்பதை எந்தச் சோதனைச்சாலையும் சொல்லாது.

இன்னொன்று உண்டு, கணக்குத் தணிக்கை செய்வோன் கண்ணுக்கு அதுவே முதலில் படுகிறது. சான்றிதழ் உறையில் வந்த இறகைப் பற்றியதேயன்றிக் கூண்டிலுள்ள பறவையைப் பற்றியதன்று. ஒரே பெட்டையின் சான்றிதழைக் காட்டிப் பத்துப் பறவைகளை விற்றுவிடலாம். ஆகவே காலில் மூட்டில்லா வளையம் இருத்தல் அவசியம். குஞ்சின் கால் சிறுத்திருக்கையில் மாட்டிவிட்டால், வளர்ந்தபின் அது கழலாது. அவ்வளையத்தின் எண்ணும் சான்றிதழிலுள்ள எண்ணும் ஒன்றாயிருப்பதைச் சங்க ஊழியர் நேரில் பார்த்து எழுதிய பிறகே கடன் தொகை விற்பவருக்குச் செல்ல வேண்டும்.

செலவு யார் தலையில் என்று கேட்பர். ஜோடி என்று சொல்லி விலை கேட்பவரே அதை மெய்ப்பிக்கட்டும். தனித்தனியே வாங்குவோருக்கு அவர் இணங்காதிருக்கலாம்; பதினைந்து அங்கத்தினர்க்குச் சேர்த்துச் சங்கமே கொள்முதல் செய்தால் மறுக்கமாட்டார்.