யோ-யோவும் வீட்டுக் கணக்கும்

“இரண்டு வட்டுகள், நடுவே ஓர் அச்சு, அதிலே ஒரு கயிறு. இதற்கு நாலாயிரம் ரூபாயா? போன மாதம் வாங்கியது என்னவாயிற்று?”

யோ-யோ என்னும் விளையாட்டுப் பொருளில் மனம் தோய்ந்த பிள்ளை உள்ள வீட்டில் இவ்வினா ஒரு நாளேனும் எழாமல் இராது. வினவுவோர் பெற்றோர், விடை கூறாமல் அறைக்கதவைச் சாத்திக்கொள்வோர் பிள்ளைகள். வாடகையும் பள்ளிச் சம்பளமும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மிஞ்சுவதைக் கொண்டு வேற்றூரில் குடும்பம் நடத்தும் நமக்கு நாலாயிரம் ரூபாய் சிறு தொகையன்று. ஆயினும் ஒருவர் மனத்தை ஒருவர் அறியாமல் வழக்காடுவதால் பயன் இல்லை. ஆதலின் இப்பொருளை ஏன் வாங்குகிறார்கள், ஏன் சேர்க்கிறார்கள், ஏன் பிரித்து மாற்றுகிறார்கள், எவற்றை வாங்கிப் பின் வருந்துகிறார்கள் என்பதை இத்திங்கள் சற்றே ஆராய்வோம்.

முதற்கண், இது நேற்றுத் தோன்றிய மோகம் அன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கிண்ணம் ஒன்றில் சிறுவன் ஒருவன் கயிற்றில் வட்டை ஆட்டும் ஓவியம் உண்டு. அக்கிண்ணம் இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம்முள் பலர் குடியேறியுள்ள வடபுலத்துக்கும் இது புதிதன்று. 1770ஆம் ஆண்டளவில் இராசபுத்திர நாட்டில் தீட்டப்பெற்ற சிற்றோவியம் ஒன்றில் நங்கை ஒருத்தி நின்றபடி யோ-யோ ஆடுகிறாள். இந்தியில் இதற்குச் ‘சகயி’ என்ற பழம்பெயரே உண்டு.

ஆனால் யோ-யோ என்ற பெயரை உலகறியச் செய்தவர், நம்மைப் போலவே பிறந்த மண்ணை விட்டுப் புறப்பட்ட ஒருவர். பெட்ரோ புளோரெஸ் என்பது அவர் பெயர், பிலிப்பைன்ஸ் நாட்டினர். அமெரிக்காவுக்குச் சென்ற அவர், 1928ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா நகரில் தம் நாட்டு விளையாட்டுப் பொருளைச் செய்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். மேனாட்டில் அதுவரை கயிற்றை அச்சோடு முடிச்சிட்டுக் கட்டுவதே வழக்கம். வீசினால் வட்டு இறங்கும், உடனே ஏறும், அவ்வளவே. புளோரெஸ் விற்ற யோ-யோவிலோ, முறுக்கிய இரட்டைக் கயிறு அச்சைச் சுற்றி வெறும் வளையமாக நின்றது. ஆகவே வட்டு கயிற்றின் அடியில் ஏறாமல் நின்றபடியே சுழன்றது. ஆட்டக்காரர் இதனை ‘உறங்குதல்’ என்பர். இன்றுள்ள வித்தைகள் பெரும்பாலும் இந்த உறக்கத்திலிருந்தே பிறந்தன.

சில ஆண்டுகளுக்குள் டங்கன் என்னும் வணிகர் அத்தொழிலை விலைக்கு வாங்கினார். 1962ஆம் ஆண்டில் மட்டும் அவருடைய நிறுவனம் நாலரைக் கோடி யோ-யோக்களை விற்றதாகக் கணக்கு. ஆனால் 1965இல், யோ-யோ என்பது பொதுப்பெயராகி விட்டது, ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் அந்நிறுவனம் கடனில் மூழ்கியது. 1968இல் பிறர் அப்பெயரை வாங்கினர்.

இனி, ஒன்று இருக்க மற்றொன்றை ஏன் வாங்குகிறார்கள் என்பதைப் பார்ப்போம். பழைய மர யோ-யோவில் கயிறு அச்சின் மீதே உராய்வதால், தேர்ந்த கை வீசினாலும் அது சில நொடிகளே உறங்கும். அச்சின் மேல் பால்பேரிங் பொருத்தும் வழக்கம் வந்தபின் நொடிகள் நிமிடங்கள் ஆயின. 2012இல் ஜப்பானில் ஒரே வீச்சில் அரைமணி நேரத்துக்கு மேல் உறங்கிய யோ-யோவும் உண்டு. அடுத்து, எடையை நடுவில் வைக்காமல் ஓரத்தில் சேர்த்தனர். அறுபது எழுபது கிராம் எடையே ஆயினும், அஃது ஓரத்தில் நின்றால் சுழற்சி எளிதில் தளர்வதில்லை. மரத்தின் இடத்தில் பிளாஸ்டிக்கும், பின்னர் கடைசலில் கடைந்த அலுமினியமும் வந்தன. இப்போது டைட்டானியமும் வந்துள்ளது.

ஆட்டத்திலும் வகைகள் உண்டு. போட்டிகளில் ஐந்து பிரிவுகள் நடைபெறுகின்றன. ஒற்றை யோ-யோவைக் கயிற்றின் மீது ஏற்றிப் பின்னுவது ஒன்று. இரு கைகளிலும் இரண்டைப் பிடித்து இடைவிடாது சுழற்றுவது ஒன்று. இரு கைகளாலும் கயிற்றுப் பின்னல் ஆடுவது ஒன்று. கயிற்றிலிருந்தே விடுபட்ட வட்டை வானில் எறிந்து பிடிப்பது மற்றொன்று. கயிற்றின் மறுமுனையை விரலில் மாட்டாமல் பகடைக்காய் போன்ற சிறு எடையைக் கட்டி, அதனையும் பறக்கவிடுவது ஐந்தாவது. சுழற்றி ஆடுவதற்கு உடனே திரும்பி வரும் யோ-யோ வேண்டும். பின்னி ஆடுவதற்கு அகன்ற வாயுடையதும், இழுத்தாலும் திரும்பாததும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. தச்சன் ஓர் உளி மட்டும் வைத்திருப்பதில்லை அல்லவா? ஆதலின் இரண்டாவது யோ-யோ என்றாலே வீண் செலவு என்று பெற்றோர் முடிவுகட்டுவது நியாயமாகாது.

சேர்ப்போர் கதை வேறு. அவர்களுள் சிலர் ஆடுவதே இல்லை. சிறுவயதில் கையில் இருந்து காணாமற்போன அதே நிறத்து மர யோ-யோவை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தேடிப் பிடிப்போர் உண்டு. அவர்கள் வாங்குவது பொருளையன்று, போன காலத்தை. சிலருக்கு வரலாற்றில் நாட்டம். 1974இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன், நாஷ்வில் நகரத்து இசையரங்க மேடையில் பாடகர் ராய் ஏக்கப்பிடம் யோ-யோ ஆடக் கற்றுக்கொண்டு, அதிலே கையெழுத்தும் இட்டார். அந்த யோ-யோ பிற்காலத்தில் ஏலத்தில் பதினாறாயிரம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. வட்டின் விலை அதில் எவ்வளவு இருக்கும்? கலிபோர்னியாவின் சீகோ நகரில் இதற்கெனவே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. அங்குள்ள பெரிய மர யோ-யோவின் எடை 256 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 116 கிலோ. அதனை ஆட்டப் பாரந்தூக்கி வேண்டும்!

மூன்றாம் வகையினர் பிரித்து மாற்றுவோர். இவர்களை நம்மவர் எளிதில் புரிந்துகொள்ளலாம். கடையில் வாங்கிய பம்பரத்தை வாங்கியபடியே ஆடிய சிறுவன் நம்மூரில் எவன்? ஆணியைப் பிடுங்கி வேறு ஆணி அடித்தான். தலையாட்டினால் கருங்கல்லில் அதைத் தேய்த்தான். சாட்டையின் முறுக்கையும் நீளத்தையும் தன் கைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டான். யோ-யோவிலும் நிகழ்வது இதுவே. 1970களில் சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் பல் மருத்துவர் டாம் குன் என்பார், மர யோ-யோவைக் கழற்றி அச்சை மாற்றவும், பாதிகளைத் திருப்பிப் பூட்டி மூன்று வடிவில் ஆடவும் வழிசெய்தார். இன்றைய ஆர்வலர் உட்புறத்தில் கயிற்றைப் பற்றும் தகட்டை எடுத்துவிட்டுச் சிலிக்கோன் பசை நிரப்புகிறார். மெல்லிய வளையம் இட்டு வாயை அகலமாக்குகிறார். பளபளப்பான மேற்பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துக் கயிறு வழுக்கி ஓடச் செய்கிறார். பேரிங்கைக் கழற்றிக் கழுவி, மெல்லிய எண்ணெய் ஒரு துளி இடுகிறார். இவ்வாறு செய்பவருக்கு ஒரு பொருள் ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. ஒரு வீட்டில் அத்தகைய கை ஒன்று இருப்பது நல்லதே.

இப்போது வருத்தங்களுக்கு வருவோம். இவற்றுள் முதன்மையானது தொடக்கக்காரரின் வருத்தம். போட்டியில் வென்ற வீரர் கையில் கண்டதையே அவரும் வாங்குகிறார். வீசுகிறார், அது கயிற்றின் அடியில் இனிதே உறங்குகிறது, இழுக்கிறார், வரவில்லை! பழுதென்று எண்ணிப் பெட்டியில் வைக்கிறார். அது பழுதன்று. அத்தகைய யோ-யோவைத் திரும்ப அழைக்கக் கயிற்றை மடித்து அதன் வாயில் கொடுக்கும் தனிமுறை உண்டு. அதனைக் கற்காதவருக்கு அது வெறும் எடைக்கல். விலை குறைந்த, இழுத்தவுடன் திரும்பும் பிளாஸ்டிக் யோ-யோவே அவருக்கு முதல் ஆசான் ஆகியிருக்கும்.

இரண்டாவது, அவசரத்தில் வாங்கியதன் வருத்தம். சில தயாரிப்பாளர் ஒரு நிறத்தில் சில நூறு மட்டும் செய்து, குறித்த மணிக்கு விற்பனைக்கு விடுவர். அங்கே இரவு ஒன்பது மணி என்றால் நமக்கு மறுநாள் காலை. அலுவலகம் புறப்படும் வேளையில் எண்ணிப் பாராமல் பணம் கட்டிவிடுகிறார் இளைஞர். பொருளின் விலையோடு அஞ்சற் செலவும் சுங்க வரியும் சேர்கின்றன. வந்தபின் ஆடவும் அச்சம். ஒரு கீறல் விழுந்தால் மதிப்புக் குறையுமே! ஆடாமலும் விற்காமலும் அது பெட்டியிலேயே உறங்குகிறது. யோ-யோ உறங்க வேண்டிய இடம் அதுவன்று.

மூன்றாவது, மாற்றப் புகுந்து கெடுத்தவர் வருத்தம். ஐம்பது அறுபது ஆண்டுப் பழைமையுள்ள மர யோ-யோவின் மங்கிய வண்ணத்தைத் தேய்த்தெடுத்துப் புதிய வார்னிஷ் பூசுகிறார் ஒருவர். சேர்ப்போர் கண்ணில் அதன் மதிப்பு அந்த மங்கிய வண்ணத்திலும் அதில் அச்சிட்ட பெயரிலும்தான் இருந்தது. வேறொருவர் அலுமினிய வட்டுகளை வலிந்து முறுக்கி உள்மரையைத் தேய்த்துவிடுகிறார். அத்துடன் அதன் கதை முடிந்தது. கெட்டியான எண்ணெயை மிகுதியாக ஊற்றிப் பேரிங்கின் ஓட்டத்தைத் தடுப்பவரும் உண்டு. மாற்றிப் பழகுவதற்கு மலிவானதையும் இன்று கடையில் கிடைப்பதையும் எடுத்துக்கொள்வதே முறை.

நான்காவது வருத்தம் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. ஒரு வித்தை ஆறு நாளாகப் பிடிபடவில்லை. விரல் சிவக்கிறது, கயிறு முடிச்சு விழுகிறது. அப்போது மனம், “குற்றம் கையில் இல்லை, கருவியில்” என்று ஆறுதல் சொல்கிறது. புதியது வருகிறது. வந்த உற்சாகத்தில் இரண்டு நாள் கையும் நன்றாகவே ஆடுகிறது. மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே முடிச்சு. இவ்வாறு பத்துப் பன்னிரண்டு சேர்ந்தபின் திரும்பிப் பார்த்தால், வாங்கியவை பல, கற்றவை சில. வருந்துவோர் பெரும்பாலும் தீய பொருளை வாங்கி வருந்துவதில்லை. பயிற்சிக்கு ஈடாக நல்ல பொருளை வாங்கி வருந்துகிறார்கள்.

ஊரை விட்டு வந்தோர் இங்கே இன்னொன்றையும் கருத வேண்டும். பெருநகரில் வாடகை அறை ஒன்றில் தனித்திருக்கும் இளைஞனுக்கு மாலையில் தன் பெயர் எழுதிய பொட்டலம் ஒன்று வருவது, முன்னாளில் ஊரிலிருந்து கடிதம் வந்தாற்போன்ற மகிழ்ச்சியைத் தரும். அதைப் பிரிக்கும் வரைதான் அம்மகிழ்ச்சி. மறுநாளே அடுத்த பொட்டலத்துக்கு ஏங்குகிறான். அவனுக்கு வேண்டியது பொருளன்று, பேச்சுத்துணை. மகனுடைய செலவைக் கண்டு சினக்கும் தந்தையார், கணக்கைக் கேட்குமுன் அவன் நலத்தைக் கேட்பது நன்று.

எனவே இளைஞர்க்கு நாம் கூறுவது இது: அடுத்ததை வாங்குமுன், “கையில் இருப்பது செய்யாத எதனை இது செய்யும்?” என்று கேளுங்கள். தெளிவான விடை கிடைத்தால் வாங்குங்கள். “இது அழகாக இருக்கிறது” என்பதும் ஒரு விடைதான். ஆனால் அதைத் திறமைக்காக வாங்குவதாகச் சொல்லி உங்களையே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். எதுவாயினும் ஒரு வாரம் பொறுங்கள். விற்கப் புகும்போதும் அவ்வாறே பொறுங்கள். முதல் வித்தையைக் கற்றுத்தந்த யோ-யோவை அற்ப விலைக்கு விற்றுவிட்டுப் பின்னர் ஏங்குவோரும் உண்டு.

பெற்றோர்க்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. யோ-யோக்களை எண்ணாதீர்கள், தேய்ந்த கயிறுகளை எண்ணுங்கள். நாள்தோறும் ஆடுபவனுடைய கயிறு சில நாட்களிலேயே நைந்துவிடும். விலையோ மிகச் சொற்பம். கயிறு அடிக்கடி மாறுகிற வீட்டில் யோ-யோவுக்குக் கொடுத்த பணம் வீண்போகவில்லை. ஐந்து யோ-யோவும் ஒரே கயிறுமாக இருந்தால்தான் பேச வேண்டிய வேளை வந்திருக்கிறது. யானையை வாங்கியவர் அங்குசத்துக்கு வழக்காடலாகாது. கயிற்றுக்குக் கேட்கும் பணத்தை முகம் சுளிக்காமல் கொடுங்கள். அன்றியும், “இதனால் என்ன செய்ய முடியும், ஆடிக்காட்டு” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சாத்திய கதவு திறக்கும்.

நம் சங்கத்தின் ஞாயிற்றுக் கூட்டங்களுக்குப் பெட்டியில் உறங்குவனவற்றைக் கொண்டுவந்து இளைஞர் தம்முள் மாற்றிக்கொண்டால், புதிதாக வாங்கும் செலவு குறையும். தனித்திருப்போர்க்குத் துணையும் கிடைக்கும். பம்பரம் விட்ட பெரியவர்களும் விரலில் கயிறு மாட்டிப் பார்க்கலாம்.

அடுத்த திங்கள் மற்றொரு பொழுதுபோக்குடன் சந்திப்போம்.