அட்டையில் யார் முகம்?

மாணவத் தோழர்கள் பலரின் கைகளில் இப்போது தடித்தடியான ஆங்கில மிகுபுனைவு நாவல்களைப் பார்க்கிறோம். டிராகன், மந்திர வாள், சாபம் பெற்ற இளவரசி. பதின்பருவத்தினருக்கென்றே எழுதி, அவர்களைக் குறிவைத்தே விற்கப்படுபவை. நாங்களும் விரும்பிப் படிக்கிறோம், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அட்டையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள் தோழர்களே. அதில் யார் முகம் வர வேண்டும் என்பதில் எழுதியவரைவிட விற்பனைப் பிரிவின் சொல்லுக்கே பலம் அதிகம்.

2010 ஜனவரியில் அமெரிக்காவில் ஜாக்லின் டோலமோரின் 'மேஜிக் அண்டர் கிளாஸ்' வந்தது. கதையின் நாயகி கருநிறப் பெண். அட்டையில் இருந்ததோ வெள்ளைப் பெண். வெளியிட்டது ப்ளூம்ஸ்பரி, பிரிட்டனில் ஹாரி பாட்டரை வெளியிட்ட அதே நிறுவனம். கைத்தவறு என்று விட்டுவிட முடியாது. சில மாதங்களுக்கு முன்புதான், 2009இல், ஜஸ்டின் லார்பலஸ்டியரின் 'லையர்' நாவலுக்கும் இதையே செய்திருந்தார்கள். கறுப்பினப் பெண் தன் வாயால் சொல்லும் கதைக்கு, நீள முடி வைத்த வெள்ளைப் பெண்ணின் படம்! கறுப்பு முகம் போட்ட அட்டை விற்காது என்பதே பதிப்புலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காரணம் என்று லார்பலஸ்டியர் வெளிப்படையாக எழுதினார். வாசகர்கள் கொதித்தெழுந்த பிறகே இரண்டு அட்டைகளும் மாற்றப்பட்டன.

'விற்காது' என்று முடிவு செய்தால் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்க மாட்டார்கள், கடையில் முன்வரிசையும் கிடைக்காது. புத்தகம் விற்காமல் போகும். அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள். 'தகுதி இல்லை' என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

2018இல் டோமி அடெயெமியின் 'சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்' வந்தது. மேற்கு ஆப்பிரிக்கத் தொன்மங்களிலிருந்து பிறந்த கதை, அட்டையிலும் கறுப்புப் பெண்தான். நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

இதற்குள் சந்தை வேறு பாடம் கற்றுக்கொண்டிருந்தது. ஒடுக்கப்பட்டோர் பற்றி அவர்களே எழுதிய நூல்களை வாசகர்கள் அடையாளம் காண, கொரின் டைவிஸ் 2015இல் 'ஓன்வாய்ஸஸ்' என்ற ஹேஷ்டேகைத் தொடங்கினார். அதைப் பதிப்பகங்கள் விளம்பரச் சீட்டாக ஒட்ட ஆரம்பித்தன. தம் அடையாளத்தை வெளியே சொல்ல விரும்பாத எழுத்தாளர்களும் நெருக்கடிக்கு ஆளானார்கள். பன்முகத்தன்மைக்காகப் போராடும் 'வீ நீட் டைவர்ஸ் புக்ஸ்' அமைப்பே 2021இல் அந்தச் சொல்லைக் கைவிட்டது.

சரி, பணம்? 2020 ஜூனில் பதின்பருவ மிகுபுனைவு எழுதும் கறுப்பின எழுத்தாளர் எல்.எல். மெக்கின்னி, வாங்கிய முன்பணத்தை எல்லோரும் வெளியே சொல்லுங்கள் என்றார். என்.கே. ஜெமிசின் சொன்னார். அவர் பெரியவர்களுக்கு எழுதுபவர்தான், ஆனால் அதே மிகுபுனைவுச் சந்தை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஹியூகோ விருது வென்ற அவருடைய முந்நூல் வரிசைக்குக் கிடைத்த முன்பணம் நூலுக்கு 25,000 டாலர். வெள்ளை எழுத்தாளர் ஜான் ஸ்கால்சி 2015இல் 13 நூல்களுக்குப் போட்ட ஒப்பந்தமோ 34 லட்சம் டாலர். பார்த்துவந்த ஆலோசகர் வேலையை ஜெமிசின் விட முடிந்தது 2016இல்தான். அதற்குக் கைகொடுத்தது வாசகர்கள் பேட்ரியானில் மாதாமாதம் போட்ட சந்தா.