வாங்குவதற்கு முன் தேடுவோம்



சென்ற வாரம் ஒரு மாணவியின் தாயார் என்னிடம் வந்தார். "டீச்சர், மூத்தவன் பழைய மடிக்கணினியில் டெபியன் போட்டுக் கொடுத்திருக்கிறான். சின்னவள் படிக்க என்ன மென்பொருள் வாங்கலாம்?" என்று கேட்டார். "வாங்க வேண்டாம் அம்மா, முதலில் தேடுங்கள்" என்றேன்.

இப்படிச் சொல்ல எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. முன்பொரு முறை பெற்றோர்களிடம் பணம் திரட்டிப் பாடக் குறுவட்டு ஒன்றை வாங்கச் செய்தேன். கணினியின் இயங்குதளம் மாறியதும் அது திறக்கவே இல்லை. கூலி வேலை செய்து கொடுத்த பணம் அது. இன்றும் மனம் உறுத்துகிறது.

டெபியன், 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய கட்டற்ற இயங்குதளம். 2025 ஆகஸ்டில் வெளிவந்த அதன் 13-ஆம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 மென்பொருள் பொதிகள் உள்ளன. முனையத்தில் 'ஆப்ட் சர்ச்' என்னும் கட்டளையோடு தமிழ் என்பதை ஆங்கில எழுத்தில் தட்டச்சிட்டால், தமிழ் எழுத்துருக்களும் லிப்ரெஆபிஸின் தமிழ் இடைமுகமும் பட்டியலில் வரும். கட்டளைக்கு அஞ்சுவோர் சினாப்டிக் செயலியில் சுட்டியைக் கொண்டே பிரிவு பிரிவாகப் பார்வையிடலாம். 2 முதல் 10 வயதினருக்கான ஜிகாம்ப்ரி, தமிழிலும் இயங்கும் டக்ஸ் பெயின்ட் ஆகியன அங்கே இலவசமாகக் காத்திருக்கின்றன.

என் கருத்து இலவசத்தோடு முடியவில்லை. 'ஆப்ட் ஷோ' கட்டளை ஒவ்வொரு பொதியின் விளக்கம், அளவு, அதற்குத் தேவையான பிற பொதிகள் ஆகியவற்றைக் காட்டும். நம் பிள்ளைகள் பளிச்சிடும் படத்தைக் கண்டவுடன் பதிவிறக்கப் பழகிவிட்டார்கள். விளக்கத்தை வாசித்து, ஒப்பிட்டு, தேர்ந்தெடுப்பதும் கல்விதான்.

"இவை நம் பாடத்திட்டத்திற்கு எழுதப்பட்டவை அல்லவே" என்று சக ஆசிரியர்கள் கேட்கலாம். உண்மைதான். விளக்கங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆகவேதான் நாம் முதலில் பயன்படுத்திப் பார்த்து, எந்தப் பாடத்திற்கு எது உதவும் என்று பெற்றோருக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த உழைப்பைத் தவிர்த்துவிட்டுப் பெற்றோரின் பணப்பையைத் திறக்கச் சொல்வது முறையன்று.

இரண்டு நாள் கழித்து அந்த மாணவி ஒரு தாளோடு வந்தாள். மூன்று பெயர்கள் எழுதி, ஒன்றை அடித்திருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"அளவு பெரிசு டீச்சர். எங்கள் கணினியில் இடம் இல்லை."

வாசித்திருக்கிறாள்.