பூனைக் கிண்ணமும் மாதச் செலவும்

தடுப்பூசி போட்டு முடித்துக் கிளம்பும் நேரத்தில், கையில் கூடையோடு கதவருகே நின்று கேட்கப்படும் கேள்வி இது: "டாக்டர், பூனைக்கே மாசம் நாலாயிரம் ஆகுது. பாதி பவுச், பாதி கறின்னு மாத்திப் போடலாமா?" நம் மருத்துவமனைகளில் இதற்கு இரண்டு விடைகள்தாம் புழக்கத்தில் உள்ளன. "கம்பெனி உணவைத் தவிர எதுவும் வேண்டாம்" என்பது ஒன்று. "பூனைதானே, கறி நல்லதுதான், போடுங்கள்" என்பது இன்னொன்று. முதல் விடையைக் கேட்டவர் அதைக் கடைப்பிடிக்க முடியாமல், மருத்துவரிடம் சொல்லாமலே கறிக்கடைக்குப் போகிறார். இரண்டாவது விடையைக் கேட்டவர் பூனைக்குக் கறியை மட்டுமே போட்டு, சில மாதங்களில் நோயோடு திரும்பி வருகிறார்.

செலவைக் குறைக்கும் கலப்பு உணவை மருத்துவரே அளந்து, கிராம் கணக்கில் சீட்டில் எழுதித் தர வேண்டும் என்பது இந்த இதழின் நிலை. அந்தக் கலப்பில் கறிக்கு இடம் உண்டு. ஆனால் கறி வெந்திருக்க வேண்டும்.

கணக்கிலிருந்து தொடங்கலாம். கருத்தடை செய்யப்பட்டு வீட்டுக்குள்ளேயே வளரும் நான்கு கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி போதும். 80 அல்லது 85 கிராம் பவுச் ஒன்றில் பொதுவாக 60 முதல் 80 கிலோகலோரி வரை இருக்கும். பவுச் மட்டுமே உணவு என்றால் நாளுக்கு மூன்று தேவைப்படும். ஒன்று 45 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதச் செலவு 4,000 ரூபாயைத் தாண்டுகிறது. அதே 200 கிலோகலோரி சுமார் 55 கிராம் உலர் உணவில் அடங்கிவிடும். கிலோ 400 ரூபாய் என்றாலும் நாளுக்கு 22 ரூபாய்தான்.

அப்படியானால் முழுக்க உலர் உணவே போதாதா? விலையை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் வீட்டுப் பூனை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்தது. தாகத்தை மெதுவாகவே உணரும். குடிக்கும் நீரைவிட இரையின் உடலில் உள்ள நீரை நம்பி வாழப் பழகிய விலங்கு. டப்பா உணவில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ நீர். உலர் உணவில் பத்தில் ஒரு பங்குதான். சிறுநீர் அடைத்து, வயிறு கல்லாகி, இரவு நேரத்தில் தூக்கிவரப்படும் ஆண் பூனைகளைப் பார்த்த எந்த மருத்துவருக்கும் இந்த ஈரத்தின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. செலவைக் குறைக்கும் எந்தத் திட்டமும் இந்த ஈரத்தைக் குறைத்துவிடக் கூடாது.

பவுச்சிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விலை குறைவாகக் கிடைக்கும் சூரை மீன் ஜெல்லிகளும், குச்சி வடிவில் பிதுக்கித் தரும் கூழ்களும் பெரும்பாலும் துணை உணவுகளே. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'காம்ப்ளிமென்டரி' என்று அச்சாகியிருக்கும். 'கம்ப்ளீட்' என்றிருப்பதைத்தான் முழு உணவாகத் தரலாம். பூனைக்குப் பவுச் கொடுக்கிறேன் என்று சொல்பவரிடம் எந்தப் பவுச் என்று கேட்டு, உறையைக் கைபேசியில் படம் எடுத்து வரச் சொல்வது நல்ல வழக்கம். அந்த ஒரு படத்தில் பாதி நோயறிதல் முடிந்துவிடுவதும் உண்டு.

பச்சைக் கறிக்காக வாதிடுவோர் பெரும்பாலும் கலிபோர்னிய மருத்துவர் ஃபிரான்சிஸ் பாட்டெஞ்சரின் பூனைகளைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அட்ரினல் சாற்றின் வீரியத்தைச் சோதிப்பதற்காக அவர் பூனைகளை வளர்த்தார். அவர் பணியாற்றிய காசநோய் இல்லத்துச் சமையலறையில் மிஞ்சிய வெந்த கறிதான் அவற்றுக்கு உணவு. பூனைகள் பெருகி மிச்சக் கறி போதாமல் போனபோது, இறைச்சிக் கூடத்திலிருந்து பச்சைத் துண்டுகளை வரவழைத்தார். செலவும் தட்டுப்பாடும் அன்றும் கிண்ணத்தைத் தீர்மானித்தன. பச்சைக் கறி தின்றவை செழித்தன. வெந்த கறி தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன. 1932 முதல் 1942 வரை நடந்த அந்த ஆய்வை 1946இல் அவர் கட்டுரையாக வெளியிட்டார்.

அவர் கவனமாகப் பார்த்ததைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் டாரின் என்ற அமினோ அமிலம் இல்லாமல் பூனை வாழ முடியாது என்பது அன்று எவருக்கும் தெரியாது. டாரின் குறைந்தால் விழித்திரை சிதைகிறது என்று 1975இல் ஹேய்ஸ் குழுவினர் காட்டினர். 1987இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியானும் மார்க் கிட்டில்சனும் உடன் பணியாற்றியோரும், இதயத் தசை தளர்ந்து சாகக் கிடந்த பூனைகளின் இரத்தத்தில் டாரின் மிகக் குறைவாக இருந்ததைக் கண்டனர். டாரின் கொடுத்ததும் தளர்ந்த இதயங்கள் மீண்டன. அந்தப் பூனைகள் தின்றது கடையில் வாங்கிய தயாரிப்பு உணவு. அன்றைய பரிந்துரைகளின்படி குறையற்றது என்று கருதப்பட்ட உணவு. அதன்பின் நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின; அந்த இதய நோயும் அரிதாகிப்போனது. டப்பாவை அதிக வெப்பத்தில் பதப்படுத்தும்போது, குடல் பாக்டீரியாக்கள் டாரினைச் சிதைப்பது கூடுகிறது. அதனால்தான் அமெரிக்க அளவுகோல் இன்று உலர் உணவில் 0.1 சதவீதமும் டப்பா உணவில் 0.2 சதவீதமும் கேட்கிறது.

பாட்டெஞ்சரின் வெந்த கறியில் குறைந்தது எது என்பதற்கு இன்று பலர் தரும் விளக்கமும் டாரின்தான். கறியை வேகவைக்கும்போது டாரின் பெரும்பாலும் அழிவதில்லை, நீரில் கரைந்து இறங்குகிறது. வெந்த தண்ணீரைக் கொட்டாமல் கறியோடு சேர்த்துக் கொடுத்தால் இழப்பு வெகுவாகக் குறையும். கோழியின் நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியில் டாரின் பல மடங்கு கூடுதல். இதயத்தில் இன்னும் வளமாக உண்டு. தொடைக்கறியும் இதயமும் நெஞ்சுக்கறியைவிட விலை குறைந்தவை என்பது நல்வாய்ப்பு.

வேகவைப்பதை இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கடந்த சில ஆண்டுகளில் நடந்தவை. 2023 கோடையில் போலந்தின் பல பகுதிகளில் வீட்டுப் பூனைகள் மூச்சுத்திணறியும் வலிப்பு வந்தும் இறந்தன. சோதிக்கப்பட்ட 47 மாதிரிகளில் 29இல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் இருந்தது. பூனைகளுக்குக் கொடுத்த பச்சைக் கோழிக்கறியிலும் அந்த வைரஸ் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு சியோலில் காப்பகப் பூனைகள் இறந்தபோது வாத்துக்கறி உணவில் அது அகப்பட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், வீட்டை விட்டு வெளியே போகாத பூனை ஒன்று உறைய வைத்த பச்சை வான்கோழி உணவைத் தின்று இறந்தது. பூனையின் உடலிலும் உணவிலும் இருந்த வைரஸ்களின் மரபணு ஒத்துப்போனது.

இது வெளிநாட்டுக் கதை மட்டுமல்ல. நாக்பூரின் கோரேவாடா மையத்தில் 2024 இறுதியில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இதே வைரஸால் இறந்தன. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் வீட்டுப் பூனைகளிலேயே எச்5என்1 உறுதியானது. கோழிப் பண்ணைகள் செறிந்த நாமக்கல்லைத் தன்னுள் வைத்திருக்கும் மாநிலத்தில் பணியாற்றும் மருத்துவர்கள் இதை எட்டி நின்று பார்க்க முடியாது.

உறைய வைத்துவிட்டால் பயமில்லை என்ற நம்பிக்கை வலுவாக இருக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் சில நாள் வைத்தால் கறியிலுள்ள டாக்சோபிளாஸ்மா கட்டிகள் சாகும், அது உண்மை. சால்மொனெல்லாவும் லிஸ்டீரியாவும் பறவைக் காய்ச்சல் வைரஸும் உறைபெட்டியில் தாக்குப்பிடிக்கும். கறியின் உட்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் இவை மூன்றும் முடிந்தன. நம் வீடுகளில் பிரஷர் குக்கர் இல்லாத அடுப்படி அரிது. இரண்டு விசில் போதும்.

மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சந்தையிலிருந்து வந்ததும் நெத்திலியையோ கெண்டையையோ பச்சையாகப் பூனைக்குத் தூக்கிப் போடுவது கடற்கரை ஊர்களில் வழக்கம். எப்போதாவது ஒன்று என்றால் தொல்லையில்லை. அன்றாட உணவே அதுதான் என்றால், இத்தகைய பல மீன்களில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1ஐச் சிதைத்துவிடும். பசியின்மை, எச்சில் ஒழுகல், விரிந்த கண்மணி, தள்ளாட்டம், மார்பை நோக்கித் தொங்கும் தலை, கடைசியில் வலிப்பு என்று அது முற்றும். தலை தொங்கி வரும் பூனைக்குப் பொட்டாசியம் பார்க்கும்போதே என்ன மீன், வெந்ததா, எத்தனை நாளாக என்று கேட்டுவிட வேண்டும். ஐயம் இருந்தால் தயாமின் ஊசிக்குச் சோதனை முடிவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வெப்பத்தில் இந்த நொதி அழிந்துவிடும். எண்ணெய்ச் சத்து மிகுந்த மீனை மட்டுமே நாள்தோறும் கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து கொழுப்புத் திசு அழன்றுபோவது வேறொரு கேடு. அதற்கு வேகவைத்தல் மருந்தாகாது, அளவைக் குறைப்பதுதான் வழி.

கறி மட்டும் தின்ற குட்டியின் கதை இன்னும் வேதனையானது. மூன்று நான்கு மாதக் குட்டி, பெரும்பாலும் ஆசையாகக் காசு கொடுத்து வாங்கிய பாரசீக இனம், நடக்க மறுத்துக் கிடக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு தாள் போல மெலிந்து, விழுந்ததாக எவரும் சொல்லாத முறிவுகள் தெரியும். "சிக்கன் மட்டும்தான் சார் சாப்பிடும், வேற எதையும் தொடாது" என்று பெருமையோடு சொல்லியிருப்பார்கள். நூறு கிராம் எலும்பில்லாக் கோழிக்கறியில் பாஸ்பரஸ் 180 மில்லிகிராமுக்கு மேல்; கால்சியம் பத்து, பதினைந்துதான். பாராதைராய்டு அந்தப் பற்றாக்குறையை எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டுகிறது. ஈரல் இதற்கு எதிர்த்திசைத் தவறு. மலிவாகக் கிடைக்கிறது, பூனையும் விரும்புகிறது என்று நாள்தோறும் ஈரலே போட்டால் வைட்டமின் ஏ தேங்கிக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; அந்தப் பூனை குனிந்து தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளவும் முடியாமல் போகும்.

சீட்டில் என்ன எழுதலாம்? நோயற்ற, வளர்ந்த, நான்கு கிலோ பூனைக்கு ஓர் உதாரணம். 27 கிராம் முழுமையான உலர் உணவு, நூறு கிலோகலோரி. முழுமையான ஈர உணவுப் பவுச் ஒன்று, 65 கிலோகலோரி. மீதி ஏறத்தாழ 40 கிலோகலோரிக்கு வெந்த தொடைக்கறி. பச்சை எடையில் 33 கிராம். மேலே சொன்ன விலைகளோடு எலும்பில்லாக் கறி கிலோ 350 ரூபாய் என்று கொண்டால், மாதம் சுமார் 2,025 ரூபாய். மூன்று பவுச் செலவில் பாதி. உலர் உணவை வெதுவெதுப்பான நீரிலோ கறி வெந்த தண்ணீரிலோ ஊறவைத்துக் கொடுத்தால் ஈரமும் கூடும்.

கறியை மாதம் ஒருமுறை சமைத்து வைக்கலாம். எலும்பு நீக்கிய தொடைக்கறியும் சில இதயங்களும் 50 கிராமுக்கு மிகாத ஈரலுமாக ஒரு கிலோ. மூழ்கும் அளவு நீர். வெங்காயம், பூண்டு, உப்பு, மசாலா எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைப்பவை. குழம்புச் சட்டியிலிருந்து எடுத்துக் கழுவிய துண்டும் பாதுகாப்பானதல்ல. ஆறியதும், கழுவிக் காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓடு தட்டையாக ஒரு தேக்கரண்டி, ஐந்து கிராம் அளவு, கலக்க வேண்டும். அதிலுள்ள சுமார் 1,900 மில்லிகிராம் கால்சியம் அந்த ஒரு கிலோவின் பாஸ்பரஸுக்கு ஈடாகும். தண்ணீரோடு சேர்த்து 30 பங்காகப் பிரித்து உறைய வைத்து, நாளுக்கு ஒன்றைக் குளிர்பெட்டியில் இறக்கி இளக்கினால் போதும்.

சமன் செய்யாத உணவு மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. மேலே உள்ள கணக்கு ஐந்தில் ஒரு பங்கு. அதனால்தான் முட்டை ஓடு. கால் பங்குக்கு மேல் போக விரும்புபவரைச் சத்துணவுத் துறையினரிடம் அனுப்புவதே முறை. வீட்டில் தயாரிக்கும் பூனை உணவுக் குறிப்புகள் 114ஐ டேவிஸ் ஆய்வாளர்கள் 2019இல் சோதித்தபோது, கணக்கிடப் போதுமான விவரம் இருந்தவற்றில் ஒன்றுகூட எல்லாச் சத்துகளையும் முழுமையாகத் தரவில்லை. கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் அவற்றில் இருந்தன.

எவ்வளவு சொன்னாலும் பச்சையாகத்தான் கொடுப்பேன் என்பவர்களும் வருவார்கள். அவர்களைக் கடிந்துகொண்டால் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார்கள். கோழி, வாத்து வேண்டாம் என்பதையாவது உறுதியாகச் சொல்லலாம். தனிப் பலகை, தனிக் கத்தி. கிண்ணத்தை அரைமணியில் எடுத்துக் கழுவுதல். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ உண்டா என்று கேட்டுக் கேஸ் ஷீட்டில் பதிவது. உண்டு என்றால் மறுப்பில் தளர்வு கூடாது.

வளரும் குட்டி, சினைப் பூனை, பால் கொடுக்கும் தாய், சிறுநீரக நோயாளி ஆகியவற்றுக்கு இந்தக் கலப்புக் கணக்கு பொருந்தாது. மற்றவற்றுக்கும் பழைய உணவை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. ஒன்றிரண்டு வாரங்களில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். பருத்த பூனை புது உணவைத் தொடாமல் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் பழைய உணவுக்குத் திரும்பிவிட்டு மருத்துவரை அழைக்கும்படி சீட்டிலேயே எழுதித் தரலாம். நான்கு வாரம் கழித்து ஒருமுறை எடை, உடல் திரட்சி, ரோமம், மலம், சிறுநீரின் அடர்த்தி பார்த்து, கிராம் அளவுகளைத் திருத்தி எழுத வேண்டும். அந்த மறுபார்வைக்குக் கட்டணம் குறைவாக வைத்தால் வருகிறவர்கள் கூடுவார்கள்.