நாற்காலிகளை மடக்குங்கள்

ஆங் மோ கியோ புளோக்குகளின் கீழ்த்தளத்தில் லைன் டான்ஸ் ஆடும் மூத்தவர்களைப் பார்த்து நம்மவர்கள் உதட்டைப் பிதுக்குவதுண்டு. “இதெல்லாம் ஒரு டான்ஸா?” சொல்பவர் அநேகமாக மகளின் அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடித்தவராக இருப்பார்.

பரதத்தின் மேல் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஆனால் அது பார்ப்பவருக்காக ஆடுவது. கீழ்த்தளத்து ஆட்டம் ஆடுபவருக்காகவே ஆடுவது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது என்ன நியாயம்?

2015-ல் பிரான்வின் டார், ராபின் டன்பர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பிரேசில் பள்ளி மாணவர்களைக் குழுக்களாக ஆட வைத்துச் சோதித்தார்கள். ஒரே அசைவை ஒரே நேரத்தில் ஆடியவர்களுக்கு வலி தாங்கும் அளவு கூடியது, கூட ஆடியவர்களோடு நெருக்கமும் கூடியது. வேர்க்க விறுவிறுக்க ஆடியதன் பலன் தனி. ஒத்து ஆடியதன் பலன் தனி. வீட்டில் தனியாக டிரெட்மில்லில் ஓடினால் முதல் பாதிதான் கிடைக்கும்.

“கூடி ஆடுறது நம்ம பழக்கம் இல்லீங்க” என்பார்கள். அப்போ கும்மி யாருடையது? கோலாட்டம் யாருடையது? சிலப்பதிகாரத்தில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளை கண்ணீர் விடுகிறது. ஆயர்குடியே கலங்கி நிற்கும்போது மாதரி சொல்லும் மருந்து, குரவை ஆடுவோம் என்பதுதான். ஏழு பெண்கள் கைகோத்து வட்டமாக ஆடுகிறார்கள். அந்த ஆட்டம் கோவலனைக் காப்பாற்றவில்லை, உண்மைதான். ஆனால் அச்சம் வந்தபோது அந்தச் சேரி கதவைச் சாத்திக்கொள்ளவில்லை.

கூடி அசைவது எப்போதும் நல்லதுதானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. படைகளை அணிவகுத்து நடக்கவிட்டதும் இதே நெருக்கத்தை உண்டாக்கியது என்று வரலாற்றாசிரியர் வில்லியம் மெக்நீல் 1995-லேயே ஒரு புத்தகம் எழுதினார். ஒரே காலடி ‘நாம்’ என்பதை உண்டாக்கும். அந்த ‘நாமு’க்குள் யார் யார் என்பதை அது தீர்மானிக்காது, நாம்தான் தீர்மானிக்க வேண்டும். அதனால்தான் புளோக் கீழே சீன ஆன்ட்டி, மலாய் மக்சிக், நம்ம பாட்டி மூணு பேரும் ஒரே வரிசையில் திரும்புவது சின்ன விஷயமில்லை. லிஃப்டில் தலையாட்டுவதோடு முடிந்துபோகும் உறவு, அங்கே ஒருத்தர் வராத நாளில் “ஏன் வரல?” என்று கேட்கும் உறவாகிறது.

நம்முடைய பொங்கல் விழாக்களைப் பாருங்கள். மேடையில் பயிற்சி எடுத்த பிள்ளைகள் கும்மி அடிக்கிறார்கள். கும்மி தெரிந்த பாட்டிகள் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். இதைவிடத் தலைகீழான ஏற்பாடு உண்டா?

விழா நடத்துபவர்களிடம் கேட்பது ஒன்றுதான். சிறப்பு விருந்தினர் உரையில் பாதியை வெட்டுங்கள். அந்த அரைமணி நேரம் நாற்காலிகளை மடக்கி ஓரமாக வையுங்கள். மிச்சத்தைப் பாட்டிகள் பார்த்துக்கொள்வார்கள்.